கலங்கரை விளக்கடியில் கை நனைத்தவர்கள்

எங்கள் வீட்டில் பெண் பார்க்கும் படலம் ஓய்ந்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை அப்படி நினைக்கவில்லை. அப்பாவின் அக்காவான அவளுக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கல்யாணமாகாத மருமகள் என்று மூன்று வியாதிகள். முதல் இரண்டுக்கும் மாத்திரை கிடைத்தது. மூன்றாவதற்குத்தான் அவள் ஊர் ஊராகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. வீடு நாசரேத்தில். வேலை ஆறுமுகநேரியில், ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பது. காலையில் ரயிலில் போய்ச் சாயங்காலம் ரயிலில் திரும்பும் அந்த வாழ்க்கையில் எனக்கு ஒன்றும் பெரிய குறை இருக்கவில்லை. குறையெல்லாம் மற்றவர்களுக்குத்தான். எங்கள் புராட்டஸ்டண்ட் சபையில் என்னைப் பார்க்கும் பெண்கள் "உன்ன ஜெபத்துல வச்சிருக்கோம்" என்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்களிடம் பேசுகிற அதே குரலில் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடிப்பார்கள், ஒரு பிடி மிக்சர் கொறிப்பார்கள். ஆனால் சோறு தொட மாட்டார்கள். "இருக்கட்டும், இன்னொரு நாள் வந்து சாவகாசமா சாப்பிடுதோம்" என்று எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுக் கையைக் கழுவினால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இன்னொரு நாள் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு குண்டான் நிறையச் சோறு வடித்து வைத்திருப்பாள். அடுத்த இரண்டு நாளும் நாங்கள் பழையது சாப்பிடுவோம்.

ஒரு கட்டத்தில் நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "இன்னும் ஒரே ஒருத்தருக்கு முன்னால நிக்கேன்ப்பா. அவர் யாரா இருந்தாலும் சரி, சரின்னு சொல்லிருதேன். அவங்க வேண்டாம்னா இதோட விட்டுருங்க. இனி யார் முன்னாலயும் நிக்க மாட்டேன்." அப்பா ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். விசில் ஊதி ஒரு மைதானத்தையே நிறுத்தியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த ஒரே ஒருத்தரைத்தான் அத்தை பிடித்துக்கொண்டு வந்தாள். தூத்துக்குடியில் இருக்கும் அவள் சிநேகிதி ஒருத்தி சொன்ன இடம். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. நம் சபைதான். அப்பா இல்லை, அம்மா மட்டும். பையன் தங்கம். சிநேகிதி சொன்னதை அத்தை அப்படியே ஒப்பித்தாள். அவள் போனில் ஒரு போட்டோவும் வந்திருந்தது. கோட்டும் டையும் போட்டு எடுத்தது. ஸ்டூடியோக்காரர் மூக்கை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்க வெள்ளையடித்திருந்தார். அதை வைத்து அவரைப் பெற்ற தாய்கூட அடையாளம் சொல்லியிருக்க முடியாது.

"வீட்டுல வச்சா ஊரு எண்ணிக்கிட்டே இருக்கு. எவன் வந்தான், எவன் போனான்னு அடுத்த வீட்டுக்காரிக்கு நம்மள விட நல்லாத் தெரியுது. இந்தத் தடவ மணப்பாட்டுக்குப் போயிருவோம்" என்றாள் அத்தை. "அங்க மலமேல, லைட் அவுசு கிட்ட. தற்செயலா பாத்த மாதிரி இருக்கட்டும். புடிச்சா பேசுவோம். புடிக்கலன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் நடக்கல."

"ஆனி மாசக் காத்துல அங்க யாரு போவா, அக்கா?" என்றார் அப்பா.

"யாரும் போவமாட்டா, அதுக்குத்தான் அங்க. அதுவும் ஆர்சி கோயிலு. நம்ம சபை ஆளு ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டா."

தற்செயல் என்றால் தற்செயலாகவே இருக்க வேண்டும் என்பதில் அத்தையும் சிநேகிதியும் உறுதியாக இருந்தார்கள். யாரும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது. பெயர் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. "லைட் அவுசு தெறந்திருக்கா" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும். அவர்களும் அப்படித்தான் தொடங்குவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ரகசியப் போலீசில் சேர்த்துவிட்டது போல இருந்தது.

அம்மா வர மறுத்துவிட்டாள். வந்தால் அழுதுவிடுவாளாம். அதற்குப் பதிலாக எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள். அங்கே கடை இருக்குமோ இருக்காதோ, அத்தைக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எங்கள் மூன்று பேருக்கு என்று சொன்னாள். ஆறு பேருக்கு இருந்தது. அம்மாவுக்கு மூன்று பேருக்குச் சமைக்க வராது.

அப்பாவின் பழைய காரில் மெஞ்ஞானபுரம், உடன்குடி வழியாகப் போனோம். வழியெல்லாம் பனையோலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்துகொண்டிருந்தன. தேரி என்னும் மணல்மேட்டுப் பக்கம் சிவப்பு மண் பறந்து வந்து கண்ணாடியை மூடியது. அப்பா அடிக்கடி வைப்பரைப் போட்டார். ஊருக்குள் வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறத் தொடங்கியபோதுதான் காற்று எப்படிப்பட்டது என்று தெரிந்தது.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த மேட்டை மலை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பாதி மணலும் பாதி பாறையுமான ஒரு மேடுதான் அது. மேலே கோயில், அதைத் தாண்டி வெள்ளைக் கோபுரமாகக் கலங்கரை விளக்கம், அதற்கப்புறம் மூன்று பக்கமும் கடல். பெரிய கூட்டம் வரும் திருவிழா நாட்களைத்தான் நான் கேள்விப்பட்டிருந்தேன். அன்று ஒரு ஈ காக்கை இல்லை. காற்று மணலை அள்ளிக் கன்னத்திலும் காதிலும் எறிந்தது. அத்தை சேலையைப் பிடிப்பதா, செருப்பைப் பிடிப்பதா, என்னைப் பிடிப்பதா என்று தெரியாமல் திண்டாடினாள். காலையில் அரைமணி நேரம் நின்று வாரிய என் தலை, கோயில் வாசலைத் தாண்டும்போதே பரட்டையாகிவிட்டது. நான் அதைச் சரிசெய்யவே இல்லை. கடைசித் தடவைதானே என்று ஒரு வீம்பு.

கலங்கரை விளக்கத்தின் கேட்டில் பூட்டு. சாயங்காலம்தான் மேலே ஏற விடுவார்கள் என்று ஒரு பலகை சொன்னது. நின்று பார்க்கலாம் என்றால் கண்ணைத் திறக்க முடியவில்லை. சுற்றுச் சுவரின் கிழக்குப் பக்கம் மட்டும் காற்று மறைவாக இருந்தது. அங்கே போய் ஒண்டினோம். திடீரென்று சத்தம் அடங்கி, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்டது. அத்தை உடனே என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் சுவரின் முனையைத் திரும்பி இரண்டு பேர் வந்தார்கள். அறுபத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பதை எட்டும் ஒரு மகன். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டே அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, லைட் அவுஸ் தெறந்திருக்கா?"

அத்தையின் விரல் என் இடுப்பில் குத்தியது. அப்பா நிமிர்ந்து நின்றார். குடியரசு தினத்தில் கொடிக்கு முன்னால் நிற்பது போல நின்றார்.

"இல்ல தம்பி, பூட்டியிருக்கு. சாயங்காலந்தானாம். வாங்க, வாங்க, இங்கன வந்து இருங்க. காத்து இல்ல."

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் வேறெங்கும் உட்கார முடியாது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போது எல்லாம் ஏற்பாட்டுப்படியே நடப்பதாகப் பட்டது. அம்மாவும் மகனும் என்று சொன்னார்கள், அம்மாவும் மகனும் வந்திருக்கிறார்கள். கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூக்கு ஒத்துப்போவது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது.

"தூத்துக்குடியா?" என்றார் அப்பா, ஏதோ இப்போதுதான் தோன்றியது போல.

"ஆமா அண்ணாச்சி. எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"சும்மா கேட்டேன். தம்பிக்கு ஹார்பர்லதான் வேலையா?"

"அங்கனதான். கிரேன் ஓட்டுதான்" என்றார் அந்த அம்மா, கொஞ்சமும் ஆச்சரியப்படாமல். தூத்துக்குடி ஆண்பிள்ளையைப் பார்த்து அப்படிக் கேட்டால் பாதிக்கு மேல் சரியாகத்தான் வரும். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை கடலைப் பார்த்தாள். இவ்வளவு அழகாக நடிக்கிறார்களே என்று நான் அந்த அம்மாவை மனதுக்குள் மெச்சினேன்.

"ரொம்ப நாளா இங்கன வரணும்னு ஆசை" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுல அவரு தோணியில கொழும்பு, மாலத்தீவுன்னு போயிட்டு வந்த ஆளு. திரும்பி வரும்போது மொதல்ல இந்த லைட்டுதான் தெரியுமாம். நா பாக்கணும்னு சொன்னா, ஆயுசு பூரா அதத்தான் பாத்தேன், நீ போய்ப் பாரு, எனக்கு டிவி போதும்னு சொல்லுதாரு."

அப்பா புருவத்தை உயர்த்தினார். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை என்றுதானே சொன்னார்கள்? இப்போது அவர் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். அத்தை அப்பாவின் காதோரம், "வரலன்னு சொன்னத இல்லன்னு நெனச்சிருப்பேன். போன்ல சரியா கேக்கல" என்று முணுமுணுத்தாள். பிறகு சிநேகிதிக்கு நல்ல செய்தி சொல்ல வேண்டும், இங்கே டவர் இல்லை என்று எழுந்து, சேலையைத் தலையில் சுற்றிக்கொண்டு கீழே போனாள். எதிர்த்தரப்பு உயிரோடு இருக்கும் ஓர் அப்பாவையும் சேர்த்துக் கொண்டுவந்ததில் அவளுக்குத் திருப்திதான்.

பொழுது நகர்ந்தது. யாரும் விஷயத்துக்கு வரவில்லை. அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. வழக்கமாக இவ்வளவு நேரத்துக்குள் என் சம்பளம், என் உயரம், வீட்டு மாடி யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் வந்துபோயிருக்கும். இவர்களோ காற்றைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "பிள்ள என்ன வேல பாக்கு?" என்று கேட்டபோது, ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். டீச்சர் என்றேன். "நல்ல வேல. ஆனா தொண்ட போயிருமே" என்றார். அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரமாகிவிட்டது. அந்த அம்மா கைப்பையைத் துழாவினார். "ஏல, ஒரு பிஸ்கட்டாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்லா. எனக்குக் கிறுகிறுன்னு வருது" என்றார் மகனிடம். மேலே கடை இருக்கும் என்று நம்பி வந்தார்களாம். காற்றில் ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்கவில்லை.

அப்பா முறைக்காகச் சொன்னார். அது எனக்குத் தெரியும். இன்னொரு நாள் என்ற பதில் வரும் என்று தெரிந்தே சொல்கிற வார்த்தை அது. "எங்ககிட்ட சோறு இருக்கு. ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

"குடுங்க அண்ணாச்சி, நல்லாருப்பிய" என்று அந்த அம்மா கையை நீட்டினார்.

அப்பா உறைந்துபோனார். நானும்தான். பாத்திரத்தைத் திறந்தேன். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைச் சரித்து வலக்கையை நனைத்தார். நனைத்த கையால் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். நாங்கள் சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிக்கிறவர்கள், கையால் சிலுவை போடுகிறவர்கள் இல்லை. நம் சபைதான் என்று சிநேகிதி அடித்துச் சொல்லியிருந்தாள். ஆர்சி என்றால் கத்தோலிக்கர்கள். சபை மட்டுமா வேறு, சாதியும் வேறாக இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் அப்பா விசில் இல்லாமலேயே ஊதியிருப்பார். இப்போது அவருடைய தொண்டைக் குமிழ் ஒரு தடவை ஏறி இறங்கியது. எல்லாவற்றையும் அந்த ஒரு விழுங்கலில் உள்ளே அனுப்பிவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைளா, மதினிக்கு" என்றார் என்னிடம்.

மதினி! சம்பந்தியம்மாளைக் கூப்பிடுகிற முறை அது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மா அதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். முட்டையை இரண்டாகப் பிட்டு எனக்கு ஒரு பாதியைத் தந்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணல் விழுந்துவிட்டது என்றார். காற்றில்லாத இடத்தில் ஏது மணல்?

மகன் என் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். மணல் கடிக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். "எங்க காலத்துல கெமிஸ்ட்ரின்னாலே ஓடுவோம். உங்க பிள்ளைங்க எப்படி?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். ஆய்வுக்கூடத்தில் ஒருத்தி அமிலம் என்று பயந்து வெறும் தண்ணீரைத் தொடாமல் ஒரு பீரியட் முழுக்க நின்ற கதை. அதற்கு நான் என்ன சொன்னேன், அவள் என்ன சொன்னாள் என்பது வரை. அவர் வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறிவிட்டது. அந்த அம்மா அவர் தலையில் தட்டினார். பிறகு அவர், "உங்களுக்கு இந்த வேல புடிச்சிருக்கோ?" என்றார்.

இதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாற்றல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். விட்டுவிடுவாயா என்று கேட்டிருக்கிறார்கள். புடிச்சிருக்கு என்றேன். ஏன் புடிச்சிருக்கு என்று தொடங்கி எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியவில்லை. கிரேனின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பாட்டுப் பாடுவதாகவும், கீழே இருப்பவர்களுக்குக் கேட்காது என்பதால்தான் இன்னும் வேலை இருப்பதாகவும் அவர் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நிமிர்ந்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யாராக இருந்தாலும் சரி என்று சொல்ல வந்தவள் நான். இவர் என்றால் சரி என்று சொல்லத் தோன்றியபோது, இரண்டுக்கும் இருந்த தூரத்தைப் பார்த்துத் திகைத்துப்போனேன்.

அந்த அம்மா கையைக் கழுவினார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, இதற்கு மேல் தற்செயல் வேண்டாம் என்று முடிவு செய்தவராக, "அப்போ நாங்க என்னைக்கு வீட்டுக்கு வரட்டும்?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன, என்னைக்கு வேணும்னாலும் வாங்க! மாதா கோயில் பக்கந்தான்" என்றார் அவர்.

அப்போதுதான் அத்தை வந்தாள். இரண்டு செருப்பும் கையில். சேலை முழங்கால் வரை ஏறியிருந்தது.

"ஏல, யாருல இவங்க?" என்று அப்பாவைப் பார்த்து அலறினாள். "அவங்க கீழ கோயிலுகிட்ட நிக்காங்க! முக்கா மணி நேரமா நிக்காங்க!"

"யாரு?"

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க! மேல ஏறி வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க, நீ இங்கன பந்தி வச்சிட்டு இருக்க. இன்னொரு மாப்பிள்ளைக்குக் கை நனைச்சாச்சு, பெறவு எங்கள எதுக்கு வரச் சொன்னியன்னு மாப்பிள்ளையோட தாய்மாமன் குதிக்கான். கார எடுத்துட்டுப் போகப் போறான்!"

 நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் காலி பாத்திரத்தைப் பார்த்தார். அவர்கள் நடிக்கவே இல்லை. இருவரும் உண்மையாகவே கலங்கரை விளக்கம் பார்க்க வந்தவர்கள், உண்மையாகவே பசித்தவர்கள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அது பாதியில் வேறு ஏதோவாக மாறிவிட்டது.

அப்பா மென்று விழுங்கி எப்படியோ விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ மாதாவே! நா தின்ன சோறா பிள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டு? ஏல, ஓடுல! போய்ச் சொல்லுல!"

மகன் எழுந்து ஓடினார். சுவர் மறைவை விட்டு வெளியே வந்ததும் காற்று அவரை ஒரு பக்கம் தள்ளியது. சட்டை உப்பிக்கொண்டது. மணலில் சறுக்கி, எழுந்து, மறுபடி ஓடினார். நானும் முனைக்கு வந்து நின்று பார்த்தேன். கோயிலின் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். அவர் அவர்களிடம் கையைக் கூப்பினார், மேலே எங்களைக் காட்டினார், தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் போய்விடாதீர்கள் என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத பிள்ள, அவன் பேசுனா யாரும் கேட்டுருவா. அவன் பொண்டாட்டி பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருக்கா. அவ வீட்டுலயே அப்படித்தான் பேசி முடிச்சான்" என்றார்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது? ஓர் ஆறுதலான வார்த்தையாகத்தான் அவர் அதைச் சொன்னார். அது எந்த இடத்தில் குத்தியது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கே சரியாகத் தெரியவில்லை. அடுத்தவள் புருஷனுக்காக ஏங்குகிற ஆள் நான் இல்லை. அவரை அன்று காலையில் எனக்குத் தெரியாது, நாளைக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் நான் கண்ணை மூடி ஜெபித்தேன். அந்த மூன்று பேரும் காரில் ஏறிப் போய்விட வேண்டும் என்று ஜெபித்தேன்.

அவர்கள் வந்தார்கள். கெட்டிக்காரர்தான், பேசியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "எல்லாம் சொல்லிட்டேன் அண்ணாச்சி. தப்பு எங்க மேலதான்" என்று மூச்சிரைக்க அப்பாவிடம் சொன்னார். தன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மா போகும்போது என் கன்னத்தைத் தொட்டார். நாங்கள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அதே சுவரடியில், அதே இடத்தில், உண்மையான பெண் பார்ப்பு தொடங்கியது. தாய்மாமன் துண்டை விரித்து உட்கார்ந்தார். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, தூத்துக்குடிக்கு மாற்றல் கிடைக்குமா, வீட்டு மாடி யார் பேரில். மாப்பிள்ளையின் அம்மா என் தலையையே பார்த்தார். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். மாப்பிள்ளை நல்ல மனிதராகத்தான் இருந்தார். போட்டோவை விடக் கறுப்பு, போட்டோவை விட லட்சணம். ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அவருக்கும் இது எத்தனையாவது தடவையோ. அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது.

கொஞ்ச நேரம் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு தாய்மாமன் திரும்பி, பெருந்தன்மையாகச் சொன்னார். "நடந்தது நடந்து போச்சு. பெருசு பண்ண வேண்டாம். எங்களுக்குச் சம்மதந்தான். வீட்டுக்கு வந்து கை நனைக்கோம்."

இத்தனை வருஷமாக எங்கள் வீடு காத்துக் கிடந்த வார்த்தை. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். சபையின் ஜெபம், அம்மாவின் குண்டான் சோறு, எல்லாம் ஒருவழியாகக் கரையேறிவிட்டன. யாராக இருந்தாலும் சரி என்று சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான். வாயைத் திறந்தால் போதும், தலையை ஆட்டினால்கூடப் போதும். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏன் வரவில்லை? பிடிக்கவில்லையா? அப்படியும் இல்லையே. தலை நிலத்தைப் பார்த்துக் குனிந்தது. நாக்கு அசைய மறுத்தது. எல்லோரும் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அத்தை பெருமையாகச் சிரித்தாள்.

அப்பா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். அப்படி அவர் யார் முன்னாலும் கூப்பி நான் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எம் மகளுக்குச் சம்மதமில்ல."

"ஏல, கிறுக்கு புடிச்சிட்டா உனக்கு?" என்று அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்தாள். தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளை முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அந்தப் பிள்ள வாயே தொறக்கலியேய்யா" என்றார் தாய்மாமன். "நீரா எப்படிச் சொல்லுதீரு?"

"அதான் அண்ணாச்சி" என்றார் அப்பா. "கொஞ்சம் முன்னாடி வரைக்கும் பேசிச் சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தா."